அம்மன் மூச்சு

விநாசித்தம்பி பிக்கப்பின் முன்மூடியைத் தூக்கி முட்டுக் கொடுத்ததும், கோவில் கொட்டகையில் நின்றவர்கள் தாமாகவே பின்வாங்கி அவருக்கு இடம் விட்டார்கள். ஆப்பரேஷன் அறைக்குள் நுழையும் பெரிய டாக்டருக்கு விடுகிற இடம் அது. அவரும் அதை எதிர்பார்த்தவர்போல் சட்டைக் கையை மடித்துக்கொண்டார்; கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு எஞ்சினைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினார். எஞ்சின் ஏதோ கேள்வி கேட்டதுபோலவும், அது எதிர்பார்த்த கேள்விதான் என்பதுபோலவும் இருந்தது அந்தத் தலையாட்டல்.

மின்சார இலாகாவில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். அங்கே என்ன உத்தியோகம் என்று மலேசியாவின் ஆயர் ஈத்தாமில் யாரும் கேட்டதில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லும் பழக்கம் அவருக்கும் இல்லை. உண்மையில் அவர் கிராணி, வெறும் குமாஸ்தா. கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவர்களின் லீவு விண்ணப்பங்கள் எல்லாம் அவருடைய மேசை வழியாகத்தான் போயின. மின்கம்பி எதுவும் அந்த வழியாகப் போனதில்லை. ஆனால் யார் வீட்டிலாவது விளக்கு அணைந்தால் முதலில் ஆள் வருவது அவரிடம்தான். அவர் வெள்ளை அரைக்கால் சட்டையோடு போய் மீட்டர் பெட்டியை நிமிர்ந்து பார்ப்பார். "ஃபியூஸ்" என்பார். பிறகு, "நல்ல வயர்மேன் ஒராளைக் கூப்பிடுங்கோ" என்று சொல்லிவிட்டு, கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வருவார். நோயைச் சொல்லுகிறவர் வேறு, மருந்து கொடுக்கிறவர் வேறு என்பது நாகரிகமான இடங்களில் எல்லாம் உள்ள வழக்கம்தானே.

சந்தைக்குப் பின்னால் இருந்த அம்மன் கோவிலின் நிர்வாகக் குழுவில் அவர் 'தொழில்நுட்ப ஆலோசகர்'. பதவியை உண்டாக்கியவர் தலைவர் அர்ஜுனன், வெங்காய மொத்த வியாபாரி. போலீசுக்கும் நகராட்சிக்கும் கடிதம் எழுத ஒரு படித்த யாழ்ப்பாணத்தார் தேவைப்பட்டார். செயலாளர் பதவியிலோ அர்ஜுனனின் மச்சான் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். ஆகவே தொழில்நுட்பம். அந்தப் பதவிக்குக் கோவிலில் இதுவரை வேலை இருந்ததில்லை. ஒலிபெருக்கி கீச்சிட்டால் அவர் திரும்பிப் பார்ப்பார். அது தானாகவே சரியாகிவிடும்.

வேலை வந்தது போன வருஷ ஆடித் திருவிழாவில். அம்மன் ஊர்வலம் போவது வாசுவின் நீலநிறப் பிக்கப்பில். வாசுவின் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். அப்போது வேறு வண்டி, அவ்வளவுதான். மற்ற நாட்களில் அது துறைமுகத்திலிருந்து பாசாருக்கு மீன் ஏற்றும். கோவிலில் காப்புக் கட்டிய நாளிலிருந்து வாசு மீனைத் தொடமாட்டான். வண்டியை மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவி, பின்னால் மரமண்டபத்தை ஏற்றிக் கட்டி, தானும் மாமிசம் விட்டு, தரையில் படுப்பான். அந்த நாட்களில் வீட்டில் என்ன சமைத்தார்கள், எதை வைத்துச் சமைத்தார்கள் என்று குழு விசாரித்ததில்லை. விரதம் அவனுடையது.

ஊர்வலம் நடைவேகத்தில் போகும். வீட்டுக்கு வீடு நிற்கும், தட்டு வாங்கும், தேங்காய் உடையும். எஞ்சினோடு பெல்ட்டில் சுற்றுகிற காத்தாடி எஞ்சின் மெதுவானால் தானும் சோம்பிவிடும். போன வருஷம் ரெடியேட்டர் கொதித்து, பக்தர்கள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்ற வேண்டியதாயிற்று. அம்மனுக்கு நடந்த அபிஷேகத்தைவிட வண்டிக்கு நடந்ததுதான் அதிகம் என்று பாசாரில் பேசிச் சிரித்தார்கள். அர்ஜுனனுக்கு அது பொறுக்கவில்லை. அப்போதுதான் விநாசித்தம்பி குழுக் கூட்டத்தில் தொண்டையைச் செருமினார்.

"இதுக்கு ஒரே வழி எலெக்ட்ரிக் காத்தாடி. எஞ்சின் ஓடினாலென்ன, தூங்கினாலென்ன, அது தன்ரபாட்டிலே சுத்தும். இப்ப வாற புதுக் கார் எல்லாத்திலையும் அதுதான்."

"செய்ய முடியுமா சார்?"

"முடியுமோ?" என்று கேட்டு அவர் சிரித்த சிரிப்பில், அந்த ஆண்டு கடலுக்குக் குறுக்கே கட்டிக்கொண்டிருந்த பாலத்தையும் சேர்த்து அவரிடம் கொடுத்திருக்கலாமே என்று தோன்றியது சிலருக்கு.

உடைந்த கார்களின் சாமான் விற்கும் கடையில் ஒரு காத்தாடி கிடைத்தது. பழையதைக் கழற்றியதும், புதியதை ரெடியேட்டருக்குப் பின்னால் தகடு வைத்து முடுக்கியதும் வாசு. மிச்சம் இருந்தது வயர் மட்டும். அதற்குத்தான் இன்று இந்தக் கூட்டம்.

காத்தாடி மோட்டாரிலிருந்து இரண்டு வயர்கள் தொங்கின. ஒருகாலத்தில் அவற்றுக்கு வெவ்வேறு நிறம் இருந்திருக்க வேண்டும். இப்போது இரண்டுக்கும் எண்ணெய்க் கறுப்பு. வாசு இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு, "சார், இதுலே எது பேட்டரிக்கு, எது பாடிக்கு?" என்று கேட்டான்.

விநாசித்தம்பி ஒரு கணம் யோசித்தார். அவர் வீட்டு மேசைக் காத்தாடியின் வயரைப் பிளக்கில் மாற்றி மாற்றி முடுக்கிய வயர்மேன்களை அவர் பார்த்திருக்கிறார். எப்படி முடுக்கினாலும் அது ஒரே பக்கந்தான் சுற்றியது.

"பாரும் வாசு, கரண்டுக்குச் சாதி கிடையாது. இது மேலே, அது கீழே எண்டு ஒண்டும் இல்லை. ரெண்டும் வயர்தான். எதை எதிலை குடுத்தாலும் சுத்தும்."

அருமையான வாக்கியம். கூட்டத்தில் இரண்டொருவர் "ஆகா" என்றார்கள். வாசுவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. தம் வீட்டில் வேலைக்காரிக்குத் தனிக் குவளை வைத்திருக்கும் மனிதர் சொல்லுகிற வாக்கியம் என்பது அவனுக்குத் தெரியாது. விநாசித்தம்பிக்கும் அந்த நேரத்தில் நினைவில்லை. அவர் கைக்கு முதலில் வந்த வயரைப் பேட்டரிப் பக்கம் முறுக்கினார். கறுப்பு டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றினார். சுவிட்சுக்குத் தம் வீட்டில் மிச்சம் கிடந்த வெள்ளைச் சுவர்ச் சுவிட்ச் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அது ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தபோது, பிக்கப்புக்குள் யாரோ குடிவந்தது போல இருந்தது.

"போடும்."

வாசு சுவிட்சைப் போட்டான். காத்தாடி உறுமிக்கொண்டு கிளம்பியது. வண்டிக்கு முன்னால் நின்ற அர்ஜுனனின் பட்டுச் சட்டை பின்னால் பறந்தது. நெற்றித் திருநீறு கண்ணில் விழுந்தது.

"அடேயப்பா! ஏர்கண்டிஷன் மாதிரி லா!"

ஒவ்வொருவராக முன்னால் வந்து நின்று காற்று வாங்கினார்கள். அர்ஜுனனின் தங்கை புஷ்பவள்ளி கற்பூரத் தட்டோடு வந்தாள். வண்டிக்குத் தட்டைக் காட்டியபோது சுடர் வண்டியை விட்டு விலகி அவள் பக்கமே சாய்ந்து, படபடத்து, அணைந்தது. மறுபடி ஏற்றினாள், மறுபடி அணைந்தது. புஷ்பவள்ளிக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. "அம்மா மூச்சு விடறா!" என்று தட்டைக் கீழே வைத்துவிட்டு வண்டியைக் கும்பிட்டாள். மற்றவர்களும் கும்பிட்டார்கள். தம்முடைய வயரிலிருந்து அம்மனின் மூச்சு வந்ததை விநாசித்தம்பி அடக்கத்தோடு ஏற்றுக்கொண்டார்.

ஊர்வல நாளன்று மாலை சுவிட்சுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தது. அர்ஜுனன் அதைத் தம் கையால் போட்டுத் தொடக்கிவைத்தார். அதற்கு முன் பேசினார். மலேசியாவில் எந்தக் கோவிலுக்கும் கிடைக்காத பேறு இது என்றார். விநாசித்தம்பிக்கு முன்சீட்டில், வாசுவுக்குப் பக்கத்தில் இடம். சன்னலுக்கு வெளியே முழங்கையை வைத்துக்கொண்டு, தெரிந்தவர்கள் தென்பட்டால் தலையை அசைத்துக்கொண்டு அவர் வந்தார். வண்டி நாதஸ்வரத்துக்குப் பின்னால் ஊர்ந்தது.

சந்தைக்குப் போகிற மேட்டில் ஏறத் தொடங்கியபோது வாசு மெதுவாகச் சொன்னான்:

"சார், சூட்டு முள்ளு ஏறுது."

"ஏறட்டும்."

"சிவப்புக்குப் பக்கத்துலே வந்துடுச்சு சார். ஓரமா நிறுத்திப் பாக்கவா?"

வெளியே அர்ஜுனன் கும்பிட்டபடி நடந்துகொண்டிருந்தார். பால்கனிகளில் சீனர்களும் மலாய்க்காரர்களும் நின்று பார்த்தார்கள். வாளிகளின் நினைவு வந்தது விநாசித்தம்பிக்கு.

"நடுரோட்டிலை அம்பாளை நிப்பாட்டுறதோ? புதுச் சாமான் பழக நேரம் எடுக்கும். நீர் விடும்."

"நீங்க சொன்னா சரி சார்."

மேட்டின் உச்சியில் வண்டி ஒருமுறை விக்கியது. முன்மூடியின் இரு பக்கத்திலிருந்தும் வெள்ளையாக ஆவி கிளம்பி, மண்டபத்தின் சீரியல் பல்புகள்வரை எழுந்தது. முதலில் அதுவும் ஏற்பாடுதான் என்று நினைத்துச் சிலர் "ஓம் சக்தி!" என்றார்கள். பிறகு எஞ்சினுக்குள் ஏதோ முறிவதுபோல் சத்தம் கேட்டு வண்டி நின்றது. வாசு குதித்து ஓடி மூடியைத் திறந்து, துண்டைச் சுற்றிக்கொண்டு ரெடியேட்டர் மூடியைத் தளர்த்தப் பார்த்தான். அது அவன் கையைத் தள்ளிவிட்டுப் பாய்ந்தது. கொதிநீர் முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை இறங்கியது. அவன் கத்தக்கூட இல்லை. அம்மனுக்கு முன்னால் கத்தக்கூடாது என்று நினைத்திருப்பான்.

புஷ்பவள்ளிக்குத்தான் அருள் வந்தது. கூந்தல் அவிழ, "தீட்டு! தீட்டு வண்டிடா! என்னைத் தீட்டுலே ஏத்துனவன் யாருடா!" என்று அவள் ஆடியபோது மேளம் நின்றுவிட்டது. எல்லாருடைய கண்ணும் ஓட்டுகிறவனிடம் போயிற்று. வாசு வெந்த கையை மார்போடு பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தான். அந்தக் குனிவுதான் எல்லாவற்றையும் முடிவு செய்தது. குற்றமில்லாதவன் எதற்குக் குனிகிறான்?

கயிறு கட்டி இழுத்துத்தான் அம்மனைக் கோவிலுக்குக் கொண்டுவந்தார்கள். விநாசித்தம்பியும் கயிற்றில் ஒரு கை வைத்திருந்தார். இழுத்தாரா என்பது வேறு விஷயம்.

எஞ்சின் பட்டறையில் கிடந்து சரியாகித் திரும்பி வந்த பிறகுதான் குழு கூடியது. பட்டறைக்காரன் காத்தாடி வயரையும் பார்க்கிறேன் என்றானாம். "அது நம்ம சார் கையாலே போட்டது, தொடாதே" என்று வாசு தடுத்துவிட்டானாம். இதைக் குழுவில் சொன்னபோது எல்லாரும் திருப்தியோடு விநாசித்தம்பியைத் திரும்பிப் பார்த்தார்கள். வாசு ஒரு ஓரத்தில், கட்டுப் போட்ட கையோடு, நின்றுகொண்டே இருந்தான்.

அர்ஜுனன் நியாயமான மனிதர். யார்மீதும் வீண்பழி வந்துவிடக் கூடாது என்பதில் குறியாக இருந்தார்.

"ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். சாரோட காத்தாடி மேலே குறையே இல்லே. நான் சாட்சி. அன்னிக்கு ஊர்வலம் பூரா நான் பிக்கப் காடிக்கு முன்னாடிதான் நடந்தேன். முதுகுலே காத்து அடிச்சுக்கிட்டே வந்துச்சு. கடைசிவரைக்கும் நிக்கலே. நல்லா சூடான காத்து. எஞ்சினுலே உள்ள சூட்டையெல்லாம் இழுத்து வெளியே தள்ளிக்கிட்டே இருந்துச்சு. அதுக்கு மேலே ஒரு காத்தாடி என்னதான் லா செய்யும்?"

எல்லாரும் "உண்மை, உண்மை" என்றார்கள்.

விநாசித்தம்பி கையிலிருந்த தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். வெளியே தள்ளியது. வெளியே ஏன் தள்ள வேண்டும்? முன்னாலிருந்து குளிர்ந்த காற்றை உள்ளே இழுத்து ரெடியேட்டர் வழியாக விடத்தானே காத்தாடி? இழுத்திருந்தால் அர்ஜுனனின் பட்டுச் சட்டை வண்டியை நோக்கியல்லவா பறந்திருக்கும்? கற்பூரச் சுடர் வண்டிக்குள்ளே அல்லவா சாய்ந்திருக்கும்? எஞ்சினில் வெந்த காற்றையே மறுபடி ரெடியேட்டருக்குள் தள்ளி, ஊர்வலம் பூராவும் அது எதிர்ப்பக்கம் சுற்றியிருக்கிறது. ஏன் எதிர்ப்பக்கம்? எண்ணெய்க் கறுப்பேறிய இரண்டு வயர்கள் அவர் கண்முன் வந்து தொங்கின.

"ஒரு நிமிஷம்..." என்று அவர் எழுந்தார்.

"இருங்க சார், நீங்க நன்றி சொல்ல வேணாம். நாங்கதான் சொல்லணும்" என்றார் அர்ஜுனன். மச்சானிடமிருந்து ஒரு பொட்டலத்தை வாங்கிப் பிரித்தார். உள்ளே சரிகைக் கரை போட்ட பொன்னாடை. எழுந்து நின்றிருந்த மனிதருக்கு அதைப் போர்த்துவது மிகவும் சுலபமாக இருந்தது. கைதட்டினார்கள். ஒரு கையால் தட்ட முடியாமல் வாசு தொடையில் தட்டினான்.

பிறகு வாசுவின் விஷயத்துக்கு வந்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை அவன் கோவிலை அங்கப்பிரதட்சணம் செய்ய வேண்டும். வண்டியை இனி அம்மனுக்கு எடுப்பதில்லை. வாசு எல்லாவற்றுக்கும் "சரிங்க" என்றான். பொன்னாடைக்குள் விநாசித்தம்பிக்கு வியர்த்துக் கொட்டியது.

பஸ் நிறுத்தம்வரை வாசு கூடவே வந்தான். சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"சார், உங்ககிட்டே மட்டும் சொல்றேன். அம்மா சொன்னது உண்மைதான்."

"என்ன உண்மை?"

"தீட்டு. காப்புக் கட்டுன பொறவு, எங்க பிளாட்டுலே பக்கத்து வீட்டு ரொஸ்னாவுக்கு வலி வந்துடுச்சு சார். அவ வீட்டுக்காரன் வேலைக்குப் போயிட்டான். டாக்சி ஒண்ணும் வரலே. நான்தான் காடியிலே தூக்கிப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாசல்லேயே, சீட்டுலேயே பொறந்துடுச்சு. மஞ்சத் தண்ணி விட்டு நல்லா கழுவினேன். ஆனா ஐயருகிட்டே சொல்லலே. சொல்லிருந்தா வேற காடி வச்சிருப்பாங்க. எங்கப்பா காலத்துலேருந்து... விட்டுக்கொடுக்க மனசு வரலே சார். அதான் தப்பு."

விநாசித்தம்பி பஸ் வருகிற திசையைப் பார்த்தார்.

"அன்னிக்கு அவ்வளவு வேகமா போனேன், அவசரத்துலே உங்க சுவிட்சைக்கூட போட மறந்துட்டேன். முள்ளு அசையலே. அதுக்குப் பொறவுதான் இப்படி. அப்ப என்னா அர்த்தம்?"

வேகமாகப் போனால் காற்று தானாகவே உள்ளே போகும் என்று அர்த்தம். சுவிட்சைப் போடாததால்தான் ரொஸ்னா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தாள் என்று அர்த்தம். இரண்டும் விநாசித்தம்பியின் நாக்கு நுனிவரை வந்தன. நாக்குப் பொன்னாடையின் மடிப்பைப் பார்த்துத் திரும்பிப் போயிற்று.

"பிள்ளை சுகமோ?" என்றுதான் கேட்க முடிந்தது.

"சுகம் சார். பொம்பளப் புள்ளே. சுலைஹான்னு பேரு." அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து உடனே அணைந்தது. "வெள்ளிக்கிழமை பரிகாரம் முடிஞ்சா காடியைக் கொடுத்துடப் போறேன். தாசேக் கெலுகோர்லே ஒருத்தன் ரப்பர் பால் ஏத்தக் கேக்குறான். அன்னிக்கே வந்து எடுத்துக்குவான். அம்மா வேணாமுன்னு சொன்ன காடியை வச்சிக்கிட்டு நான் என்னா செய்ய? பாயான் பாருலே பேக்டரி பஸ் ஓட்டக் கூப்புடறாங்க."

"வாசு..."

"சார்?"

பஸ் வந்து நின்றது.

"இதை ஒருத்தருக்கும் சொல்லாதையும்" என்று சொல்லிவிட்டு விநாசித்தம்பி ஏறிக்கொண்டார். எதைச் சொல்ல வேண்டாம் என்றார் என்று யோசித்துக்கொண்டே இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டார்.

வீட்டில் மனைவி தவமணி பொன்னாடையை நாற்காலியின் முதுகில் விரித்துப் போட்டு அழகு பார்த்தாள். "என்னப்பா, பொன்னாடை போட்டவங்கள் எண்டுறியள், செத்த வீட்டுக்குப் போன மாதிரி முகம்?"

பேரப்பிள்ளைகள் விட்டுப்போன விளையாட்டுக் கார் ஒன்று அலமாரியில் கிடந்தது. அவர் அதை எடுத்து உட்கார்ந்து, அடிமூடியைக் கழற்றி, உள்ளே இருந்த மெல்லிய வயர் இரண்டையும் டார்ச் பேட்டரியில் தொட்டுப் பார்த்தார். சக்கரம் முன்னால் சுற்றியது. வயரை மாற்றித் தொட்டார். தாம் நினைத்தது தப்பாக இருக்கவேண்டும் என்று தம் வாழ்நாளிலேயே முதல் தடவையாக அவர் ஆசைப்பட்டார். சக்கரம் பின்னால் சுற்றியது. வீட்டு மேசைக் காத்தாடிக்கு வருகிற கரண்டு வேறு, பேட்டரிக் கரண்டு வேறு. கார் அவர் மடியிலிருந்து நழுவி, தவமணியின் காலடியில் போய் விழுந்தது.

"வயசு போன காலத்திலை விளையாட்டு" என்று அவள் சிரித்தாள். குனிந்து காரை எடுத்துக் கொடுத்தபோது அவர் முகத்தைப் பார்த்து, சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். "இஞ்சேருங்கோ, என்ன?"

"வயரை மாத்திக் குடுத்தா மோட்டார் மறுபக்கம் சுத்துமெண்டு உமக்குத் தெரியுமோ?"

"எனக்கென்ன தெரியும்? நீங்களெல்லோ கரண்டு இலாகா."

அந்த வாரம் முழுவதும் அவர் மனத்துக்குள் ஓர் அறிக்கை தயாரித்தார். தயாரிப்பதில் அவர் கெட்டிக்காரர். 'மின்னிணைப்பில் ஒரு தவறு நேர்ந்திருப்பதாகத் தெரியவருகிறது' என்று தொடங்கிப் பார்த்தார். இலாகாக் கடிதங்களில் தவறுகள் தாமாகவே நேரும், யாரும் செய்வதில்லை. அந்த வாக்கியத்துக்குள் தம்மை எங்கே சொருகுவது என்றுதான் தெரியவில்லை. 'நான்' என்ற சொல்லை எங்கே வைத்தாலும் அது துருத்திக்கொண்டு நின்றது. கடைசியில் அவருக்கு வேறொரு யோசனை தோன்றியது. சொல்லுவதைவிடச் செய்வது மேல். வயரை மாற்றிவிடலாம். வாசுவுக்குப் பொன்னாடையைப் போர்த்திவிடலாம். இரண்டையும் செய்துவிட்டால் சொல்ல என்ன மிச்சம் இருக்கப் போகிறது? இந்த யோசனை வந்த நாள் அவர் நன்றாகச் சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை வெயில் ஏறுகிற நேரத்தில் அவர் பையோடு போனபோது வாசு உருண்டுகொண்டிருந்தான். கோவில் சுற்றில் சிமெண்டு பாதி, சரளைக் கல் பாதி. ஈர வேட்டியில் கல் ஒட்டிக்கொண்டு வந்தது. வெந்த கையை மட்டும் தரையில் படாமல் தலைக்கு மேலே நீட்டி வைத்திருந்தான். ஒவ்வொரு புரளலிலும் அந்தக் கை, மூழ்குகிறவனின் கையைப்போல், மேலே வந்து மேலே வந்து போயிற்று. அர்ஜுனன் குடைக்கு அடியில் நின்று, "அப்படித்தான் வாசு, மனசுலே அம்மாவை நினைச்சுக்க" என்று உற்சாகப்படுத்தினார். விநாசித்தம்பியைக் கண்டதும் குடையில் இடம் கொடுத்தார். "சார், பாருங்க, எவ்வளவு பக்தி! தப்பு செஞ்சவன்தான், ஆனா மனசு சுத்தம்." வாசு புரண்டு அவர்கள் காலடிக்கு வந்தபோது கண்ணைத் திறந்து அவரைப் பார்த்துப் புன்னகை செய்தான். விநாசித்தம்பி காலைப் பின்னால் இழுத்துக்கொண்டு, "கொஞ்சம் சோலி இருக்குது" என்று கொட்டகைப் பக்கம் நடந்தார்.

மரமண்டபத்தை இறக்கிவிட்டிருந்தார்கள். பிக்கப் வெறும் மீன் வண்டியாக நின்றது. அவர் மூடியைத் தூக்கினார்; இந்தத் தடவை இடம்விட யாரும் இல்லை. தாம் சுற்றிய டேப்பைப் பிரிக்கவே வெகுநேரம் ஆயிற்று. அவ்வளவு நம்பிக்கையோடு சுற்றியிருந்தார். வயர்கள் கையில் பிரிந்து வந்தன. இதை அதிலும் அதை இதிலுமாக முறுக்கினார். புது டேப் ஒட்டினார். வெளியே "ஓம் சக்தி" ஓங்கி எழுந்து அடங்கியது. முடிந்துவிட்டது போலும்.

"சார்? நீங்களா?"

வாசு கொட்டகை வாசலில் நின்றான். முதுகில், தோளில், கன்னத்தில் எல்லாம் கல் பதிந்த குழிகள். சிலவற்றில் இரத்தம் துளிர்த்திருந்தது. காடியைக் கொண்டுபோக ஆள் வந்துவிட்டதாகவும் கோவில் வாசலில் காத்திருப்பதாகவும் சொன்னான்.

"எல்லாத்தையும் ஒருக்காப் பாத்து வைப்பமெண்டு..." என்று விநாசித்தம்பி மூடியைச் சாத்தினார். பைக்குள்ளிருந்து பொன்னாடையை எடுத்தார். "இது உமக்கு வாசு. உமக்குத்தான் சேர வேணும்." பதில் வருவதற்கு முன் அவன் தோளில் போட்டார்.

வாசு பதறிப்போய் அதை எடுத்துவிட்டான். "ஐயையோ, ஈரம் சார், மண்ணு வேற. பாழாயிடும்." அதை மடிப்புக் கலையாமல் வண்டியின் மூடிமேல், விளிம்பில் வைத்தான். அவன் கண் கலங்கியிருந்தது. "நீங்க ஒருத்தர்தான் சார் என்னைப் பாக்க வந்தீங்க. அது போதும் லா."

"ஸ்டார்ட் எடும்" என்றார் விநாசித்தம்பி.

வாசு உள்ளே சாய்ந்து சாவியைத் திருப்பினான். வெள்ளைச் சுவிட்சையும் போட்டான். காத்தாடி உறுமியது. அவன் ஈர உடம்போடு வண்டிக்கு முன்னால் வந்து, எல்லாரும் அன்றைக்கு நின்ற அதே இடத்தில், கைகளைச் சற்று விரித்துக்கொண்டு நின்றான். காற்றுக்காகக் காத்திருந்தான்.

காற்று வரவில்லை. வேட்டி நுனி வண்டியை நோக்கி அசைந்தது. மூடியின் விளிம்பிலிருந்த பொன்னாடை மெல்ல நகர்ந்து, நழுவி, விழப்போய், விழாமல் ரெடியேட்டருக்கு முன்னாலிருந்த கம்பிகளில் போய்ப் பளீரென்று ஒட்டிக்கொண்டது. இழுத்துப் போர்த்தியதுபோல், ஒரு சுருக்கம் இல்லாமல். சரிகைக் கரை கம்பிகளின் இடைவெளிகளுக்குள் குழிந்து குழிந்து உள்ளே போயிற்று.

வாசு கையைத் தாழ்த்தினான். பொன்னாடையைப் பார்த்தான். பிறகு விநாசித்தம்பியின் கையைப் பார்த்தான். பழைய டேப்பின் சுருள் ஒன்று அவர் விரலில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை உதறினார். அது போகவில்லை.

"சார்," என்றான் வாசு. குரலில் கோபம் ஏதும் இல்லை. "அன்னிக்குக் காத்து வெளியேதானே வந்துச்சு?"

"ஓம்" என்றார் விநாசித்தம்பி. "வெளியிலதான் வந்தது."

"எப்படி வரணும் சார்?"

வாசலில் தாசேக் கெலுகோர்க்காரன் ஹார்ன் அடித்தான். எங்கேயோ அர்ஜுனன் யாருக்கோ பிரசாதம் கொடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். மூச்சு அடைபட்ட எஞ்சினின் உறுமலில் ஒரு கரகரப்பு ஏறியது. சூடான இரும்பின் வாசனை வந்தது. யாராவது ஒருவர் கையை நீட்டி அந்தப் பொன்னாடையை இழுத்து எடுத்தாக வேண்டும். வாசு அசையாமல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். உள்ளே, வெள்ளைச் சுவிட்சுக்குப் பக்கத்தில், முள் மெதுவாக ஏறத் தொடங்கியிருந்தது.